கேள்வித்தாள் இல்லாத பரீட்சை

பரீட்சைக்கும் உலகத்துக்கும் ஒரு முக்கியமான வித்தியாசம் உண்டு. பரீட்சையில் கேள்வியை அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எத்தனை மார்க் என்பதையும் பக்கத்திலேயே போட்டுவிடுகிறார்கள். பதில் ஏதோ ஒரு புஸ்தகத்தில் இருக்கிறது என்பதும் நிச்சயம். இல்லாவிட்டால் கேட்டிருக்கவே மாட்டார்கள். உலகம் அவ்வளவு தயாள குணம் படைத்ததல்ல. அங்கே கேள்வி ஒரு சத்தமாக வரும்; லேசான தீய்ந்த வாடையாக வரும்; ஐந்து வருஷமாகச் சாமான் வாங்கிக்கொண்டிருந்த வாடிக்கைக்காரர் ஒருநாள் பேசாமல் எதிர்க்கடையில் ஏறுவதாக வரும். அதுதான் கேள்வி என்று கண்டுகொள்வதற்குள்ளேயே பல பேருக்குப் பாதி ஆயுள் போய்விடுகிறது.

கல்லூரிப் படிப்பை இரண்டு வருஷத்தோடு நிறுத்திக்கொண்டவன் நான். படிப்பைப் பற்றிப் பேச இவனுக்கு என்ன யோக்கியதை என்று நீங்கள் கேட்டால் கோபித்துக்கொள்ள மாட்டேன். ஆனால் கதை எழுதுகிறவனுக்கு ஒரு வசதி உண்டு. அவனுக்குப் பிறர் விஷயத்தில் மூக்கை நுழைப்பதே தொழில். அந்தத் தொழில் தர்மத்தை அனுசரித்துத்தான் இந்த விஷயத்திலும் நுழைகிறேன்.

எங்கள் திண்டுக்கல்லைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளும் பாலிடெக்னிக்குகளும் நிறைய வந்துவிட்டன. அவற்றில் ஒன்றில், வேலைக்குப் போகப்போகிற மாணவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைத்திருந்தார்கள். வேலை செய்யும் இடத்தில் அன்றாடம் வரும் பிரச்னைகளைச் சமாளிப்பது எப்படி என்பது பொருள். கடைசியில் நாலு வார்த்தை பேசுவதற்கு, உள்ளூர் எழுத்தாளன் என்ற முறையில், என்னையும் அழைத்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்திருந்த பயிற்சியாளர் நல்ல மனிதர். கழுத்துப் பட்டை கட்டி, வெள்ளைத் திரையில் படம் காட்டி, பிரச்னையைத் தீர்க்க ஐந்து படிகள் உண்டு என்று விளக்கினார். முதல் படி, பிரச்னையை வரையறுத்தல். இரண்டாவது, காரணங்களைப் பட்டியல் போடுதல். இப்படியே ஐந்தாவது படி வரைக்கும் ஏறிவிட்டு, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்றார்.

ஒரு பையன் எழுந்து நின்றான்.

"சார், இந்த அஞ்சு ஸ்டெப்பையும் எழுதினா அஞ்சு மார்க்கா, பத்து மார்க்கா?"

மண்டபமே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் அந்தப் பையன்மீது எனக்கு ஒரு மரியாதையே ஏற்பட்டுவிட்டது. பதினைந்து வருஷமாக அவனுக்கு எதைச் சொல்லிக் கொடுத்தார்களோ, அதைத்தானே அவன் கேட்டான்! நெருப்பை எப்படி அணைப்பது என்பதையும் நாம் மனப்பாடமாகத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். பற்றி எரியும்போது பையன் முதல் படியைத் தேடுகிறான்.

இதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டு போய்விட முடியாதபடி என் தங்கை வீட்டிலேயே ஒரு சம்பவம் நடந்தது.

தங்கையின் கணவர் நாகல்நகரில் ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறார். ஒரே பையன். எட்டுப் பவுன் நகையை அடகு வைத்து அவனை நெசவுத் தொழில் டிப்ளமா படிக்க வைத்தார்கள். முதல் வகுப்பில் தேறினான். வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூற்பு ஆலையில் வேலை கிடைத்தது. ஆறு மாதம் பார்ப்பார்கள். திருப்தியாக இருந்தால் நிரந்தரம், இல்லாவிட்டால் வீட்டுக்கு. நகை மீள்வது அந்த நிரந்தரத்தைப் பொறுத்திருந்தது. தங்கையின் கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் கிடந்தது. "அதனாலென்ன அண்ணே, வேர்வைக்குச் சௌகரியமா இருக்கு" என்று அவள் சொல்வாள். அப்படிச் சொல்லும்போது என் முகத்தைப் பார்க்க மாட்டாள்.

நாலாவது மாதம், ஆடி நடுவில், பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் வீட்டுக்கு வந்தான். முகம் வாடியிருந்தது. விஷயம் இதுதான். அவன் மேற்பார்வையில் இருந்த பகுதியில், கோடி வரிசையில், மத்தியான ஷிப்டில் நூல் கண்டபடி அறுந்துகொண்டிருந்தது. நூற்பு ஆலையில் நூல் அறுவது அதிசயமல்ல. கதிரில் நூல் அறும். அறுந்ததை ஒட்டவென்றே ஆள் உண்டு. சைடர் என்று அவர்களுக்குப் பெயர். ஆனால் அளவுக்கு மிஞ்சி அறுந்தால் பஞ்சு வீண், நேரம் வீண், உற்பத்தி படுத்துவிடும். பையன் படித்த படிப்பையெல்லாம் பிரயோகித்துப் பார்த்தான். உருளைகளைச் சோதித்தான். டிராவலர் என்கிற சின்ன வளையங்களை மாற்றினான். பஞ்சின் தரத்தைப் பரிசோதிக்கச் சொல்லி எழுதினான். ரிஜிஸ்தரில் மணிக்கு மணி எத்தனை இழை அறுந்தது என்று முத்து முத்தாகக் குறித்தான். நூல் அவனுடைய கையெழுத்தைக் கண்டு மயங்கவில்லை; அறுந்துகொண்டே இருந்தது.

"இன்னும் ரெண்டு வாரத்துல சரி பண்ணாட்டி வேற இடம் பாத்துக்கச் சொல்லிட்டாங்க மாமா" என்றான்.

எனக்கு நூலைப் பற்றி என்ன தெரியும்? புத்தகம் தைக்கிற நூல்தான் தெரியும். அன்றைக்கு நான் பூட்டுப் பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. தாத்தா காலத்துக் காசுப்பெட்டி ஒன்று எங்கள் வீட்டில் கிடக்கிறது. அதன் சாவி நான் பிறப்பதற்கு முன்பே காணாமற்போய்விட்டது. உள்ளே ஒன்றும் இருக்காது என்று எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் திறந்து பார்க்க எல்லோருக்கும் ஆசை. பூட்டைக் கழற்றி எடுத்து வைத்திருந்தேன். "நீயும் வா, சும்மா உட்கார்ந்து என்ன செய்யப்போகிறாய்" என்று பையனையும் கூட்டிக்கொண்டு போனேன்.

திண்டுக்கல் பூட்டைப் பற்றி உங்களுக்குத் தெரியாததல்ல. மாங்காய்ப் பூட்டு, மணிப்பூட்டு என்று வகை வகையாகக் கையாலேயே செய்கிறார்கள். 2019-ல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கௌரவம் கிடைத்த அளவுக்குச் சோறு கிடைக்கவில்லை. அலிகாரிலிருந்து வரும் யந்திரப் பூட்டு விலை மலிவு. பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வருகின்றன. மூடாமல் மிஞ்சியிருக்கும் பட்டறைகளில் ஒன்று நான் போன இடம்.

ஆசாரியார் பூட்டை வாங்கிக் காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். பிறகு தம் கையாளான இளைஞனிடம் கொடுத்து, "போடு பாப்போம்" என்றார். அவ்வளவுதான். எப்படிப் போடுவது என்று சொல்லவில்லை.

இந்த மாதிரிப் பூட்டுக்குள்ளே தகடு தகடாக லீவர்கள் இருக்கின்றன. சாவியின் ஒவ்வொரு பல்லும் ஒரு லீவரைத் தூக்குகிறது. எல்லா லீவர்களும் அததற்குரிய உயரத்துக்கு வந்து நின்றால்தான் தாழ் நகரும். ஒன்று மயிரிழை அளவு கூடினாலும் நகராது, குறைந்தாலும் நகராது. பழைய சாவி இல்லை. பூட்டை உடைத்துப் பார்க்கவும் கூடாது. உள்ளே இருப்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

அந்த இளைஞன் பல் வெட்டாத ஒரு சாவியை எடுத்து விளக்குப் புகையில் காட்டினான். சாவி கரியேறிக் கறுத்துவிட்டது. அதைப் பூட்டுக்குள் விட்டு மெதுவாகத் திருப்பினான், திரும்பவில்லை. வெளியே எடுத்தான். கரி படிந்த இடத்தில் மெல்லிய பளபளப்பாக இரண்டு தடம் தெரிந்தது. எங்கே இடிக்கிறது என்று பூட்டே குறித்துக் கொடுத்துவிட்டது! அந்த இடத்தில் அரத்தால் இரண்டு இழுப்பு. மறுபடியும் புகை, மறுபடியும் பூட்டு, மறுபடியும் தடம். இப்படி முக்கால் மணி நேரம். நடுவில் ஒருமுறை அவன் அவசரப்பட்டு, தடம் பார்க்காமலே அரத்தை வைத்தான். அப்போதுதான் ஆசாரியார் வாயைத் திறந்தார்.

"டேய், பூட்டு சொல்லும்டா. நீ கொஞ்சம் வாயை மூடு."

அவன் பேசவே இல்லை. ஆனாலும் அவர் சொன்னது அவனுக்குப் புரிந்தது. அரத்தைக் கீழே வைத்துவிட்டுப் புகையை நாடிப் போனான். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தங்கை மகனும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

கடைசியில் பூட்டுத் திறந்தது. பெட்டிக்குள் நாங்கள் எதிர்பார்த்தபடியே ஒன்றும் இல்லை. அது வேறு விஷயம்.

மறுநாள் ஆலையில் நடந்ததைப் பையன் பிறகு சொன்னான். ரிஜிஸ்தரை மேஜைமேல் வைத்துவிட்டு, கோடி வரிசையில் போய்ச் சும்மா நின்றானாம். ஒரு மணி, இரண்டு மணி, அசையாமல் நின்றான். அங்கே சைடராக இருக்கும் அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். இருபது வருஷமாக அந்த வேலை. அவளுக்கு இந்தக் காட்சி வேடிக்கையாக இருந்திருக்கிறது.

"என்ன தம்பி, மெஷினைக் கும்புடுறீங்களா?" என்றாள்.

"இல்லக்கா. ஏன் இங்க மட்டும் அறுதுன்னு பாக்குறேன்."

"அதுக்கு ஏன் இங்கிட்டுப் பாக்குறீங்க? அங்கிட்டுப் பாருங்க."

அவள் கை காட்டியது யந்திரத்தை அல்ல. மேற்குப் பக்கம் இருந்த பெரிய கதவை. லாரியில் மூட்டை ஏற்றுகிறவர்கள் சாப்பாட்டு வேளைக்குப் பிறகு காற்றுக்காக அதைத் திறந்து போட்டுவிடுவது வழக்கம். ஆடிக் காற்றை எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு வர்ணிக்க வேண்டியதில்லை. மேற்கே மலையில் மழையைக் கொட்டிவிட்டு, சமவெளிக்கு வரும்போது வெறுங்கையோடு, உலர்ந்துபோய் வருகிற காற்று அது. நூற்பு ஆலைக்குள் காற்றில் ஈரப்பதத்தை ஒரே அளவில் வைத்திருப்பதற்கென்றே யந்திரம் வைத்திருக்கிறார்கள். ஈரம் குறைந்தால் பஞ்சிழை முறுகிவிடும், ஒன்றோடொன்று உரசி மின்னேற்றம் கொண்டு சிலிர்த்துக்கொண்டு நிற்கும், நூல் தாங்காது. இதெல்லாம் பையன் படித்த பாடத்திலேயே இருக்கிறது. அந்தக் கேள்விக்கு அவன் முழு மார்க்கும் வாங்கியிருக்கிறான். ஆனால் அந்தப் பாடத்தில் கதவு இல்லை.

கதவைச் சாத்தினார்கள். இரண்டு நாளில் கோடி வரிசையும் மற்ற வரிசைகளைப் போல ஆயிற்று.

கதை இங்கே முடிந்துவிட்டால் எனக்கும் சந்தோஷம். ஆசிரியருக்கும் இடம் மிச்சம். ஆனால் பையன் அந்த அம்மாளிடம் இன்னொன்றும் கேட்டான். "ஏங்க்கா, இது தெரிஞ்சும் ஏன் இத்தனை நாளாச் சொல்லல?"

அவள் சொன்ன பதிலை அவன் சொன்னபடியே எழுதுகிறேன். "யாரு கேட்டாக? முன்ன இருந்தவருகிட்ட ஒருக்காச் சொன்னேன். ஒன் வேலையப் பாருன்னாரு. என் வேலை நூலை ஒட்டுறது. ஒட்டுனேன்."

இந்தப் பதிலை நான் பல நாள் யோசித்தேன். நோயின் வேர் இதில் இருக்கிறது என்றே எனக்குப் பட்டது. பையனிடம் வார்த்தை இருந்தது. அவளிடம் விஷயம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் நாலடி தூரம். அந்த நாலடியைத் தாண்டுவதற்கு நாம் எந்தப் பள்ளிக்கூடத்திலும் சொல்லிக் கொடுப்பதில்லை. சொல்லப்போனால், தாண்டாமல் இருக்கத்தான் சொல்லிக் கொடுக்கிறோம். படித்தவன் கேட்டால் கௌரவக் குறைவு. படிக்காதவள் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனம்.

ஜப்பான் தேசத்தில் இந்த நாலடியைத் தாண்டிப் பெரும் பொருள் சம்பாதித்தார்கள். சாகிச்சி டொயோடா என்று ஒருவர், 1867-ல் பிறந்தவர், தச்சர் மகன். தாயார் தறியில் படும் பாட்டைப் பார்த்து வளர்ந்தவர். ஒரே ஓர் இழை அறுந்தாலும் தானே நின்றுவிடுகிற தறியைச் செய்ய வேண்டும் என்று பாடுபட்டார். 1924-ல் அவருடைய தானியங்கித் தறி வந்தது. தவறு நேர்ந்தால் மேலே ஓடாதே, நில் என்பதுதான் அந்தத் தறியின் புத்தி. பிறகு அந்தக் குடும்பம் மோட்டார் கார் செய்யப் புகுந்தபோது அதே புத்தியை மனிதர்களுக்கும் கொடுத்தார்கள். டொயோட்டா தொழிற்சாலையில் சாதாரணத் தொழிலாளி ஒருவன் கோளாறைக் கண்டால், தலைக்குமேல் தொங்கும் கயிற்றை இழுக்கலாம்; வேலை நிற்கும்; மேலதிகாரி ஓடிவந்து என்னவென்று கேட்க வேண்டும். அங்கே தாய்இச்சி ஓனோ என்று ஒரு பெரிய நிபுணர் இருந்தார். புதிதாக வந்த என்ஜினீயர்களைத் தொழிற்சாலைத் தரையில் சாக்கட்டியால் வட்டம் போட்டு நிற்க வைத்துவிடுவாராம். நின்று பார், என்ன நடக்கிறதென்று பார். அவ்வளவுதான் பாடம். திரும்பி வந்து என்ன கண்டாய் என்று கேட்பார். கண்டது போதாவிட்டால் மறுபடியும் நிற்க வேண்டியதுதான். எங்கள் பையன் சாக்கட்டி இல்லாமல் நின்றான்.

"ஜப்பானுக்குப் போவானேன்? நம் ஊரில் ஒருவரும் யோசிக்கவில்லையா?" என்று கேட்கிறீர்களா? யோசித்திருக்கிறார்கள். திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் போகிற வழியில், சிறுமலை அடிவாரத்தில், சின்னாளபட்டிக்குப் பக்கத்திலேயே அதற்குச் சாட்சி இருக்கிறது.

1937 அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்திஜி ஆதாரக் கல்வி என்னும் யோசனையை முன்வைத்தார். ஜாகீர் ஹுசேன் தலைமையில் ஒரு குழு அதற்குத் திட்டம் வகுத்தது. கைத்தொழிலைப் படிப்போடு கூடச் சேர்த்துவைப்பதல்ல அதன் சாரம். கைத்தொழில் வழியாகவே படிப்பு என்பதுதான். தக்ளியில் நூல் நூற்கிற குழந்தை, நூலை அளக்கும்போது கணக்கைக் கற்கிறது. பஞ்சு எங்கே விளைகிறது என்று கேட்கும்போது பூகோளத்தைக் கற்கிறது. நூல் ஏன் அறுந்தது என்று கேட்கும்போது விஞ்ஞானத்தைக் கற்கிறது. அறுந்த நூலே அங்கே வாத்தியார்.

அந்த வழியில் வந்தவர்கள்தான் டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும். டி.வி. சுந்தரம் ஐயங்காரின் மகளான அந்த அம்மையாரும், சாந்திநிகேதனத்திலும் காந்திஜியிடமும் பயின்ற அவருடைய கணவரும் 1947 அக்டோபரில் காந்திகிராமத்தை ஆரம்பித்தார்கள். 1956-ல் அங்கே கிராமிய உயர்கல்வி நிலையம் தோன்றியது. 1976-ல் அது பல்கலைக்கழக அந்தஸ்துப் பெற்றது. அங்கே மாணவர்கள் கிராமங்களில் போய்த் தங்குவதைப் படிப்பில் ஒரு பகுதியாகவே வைத்தார்கள். கிணற்றில் ஏன் தண்ணீர் இல்லை, பிள்ளை ஏன் பள்ளிக்கூடத்துக்கு வரவில்லை என்பதற்கு விடை புஸ்தகத்தில் இல்லை, கிணற்றடியில் இருக்கிறது. கிணற்றடிக்குப் போனால் முதலில் யாரைக் கேட்பது, எப்படிக் கேட்பது என்பதைப் படித்துக்கொள்ள வேண்டும்.

இவ்வளவு நல்ல யோசனை ஏன் நாடெங்கும் பரவவில்லை? பூட்டுப் பட்டறையிலேயே அதற்கும் பதில் கிடைத்தது. சாவிக்குக் காசு கொடுக்கும்போது, "உங்கள் மகன் இந்தத் தொழிலுக்கு வரவில்லையா?" என்று ஆசாரியாரைக் கேட்டேன். அவர் சட்டென்று நிமிர்ந்தார்.

"அவன் இந்த அரத்தைத் தொடக்கூடாதுன்னுதானே சார் படிக்க வெச்சிருக்கேன்!"

அவர் குரலில் கோபம் இருந்தது. அந்தக் கோபத்துக்குச் சரித்திரம் உண்டு. 1953-ல் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது சென்னை ராஜ்யத்தில் ஓர் ஆரம்பக் கல்வித் திட்டம் வந்தது. கிராமத்துக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடம் ஒரு வேளை மட்டும். மீதி நேரத்தில் தகப்பனாரின் தொழிலைக் கற்கட்டும் என்றது அது. பள்ளிக்கூடம் போதவில்லை, வாத்தியார் போதவில்லை என்ற கஷ்டத்துக்குப் பரிகாரமாகத்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் தகப்பன் தொழில் என்ற சொல் கேட்கிறவன் காதில் எப்படி விழும்? வக்கீலின் மகனுக்கு அந்தச் சொல்லால் ஒரு நஷ்டமும் இல்லை. தோல் பதனிடுகிறவனின் மகனுக்கு? குலக்கல்வி என்று பெரியாரும் மற்றவர்களும் அதை எதிர்த்தார்கள்; நாடு கொந்தளித்தது. 1954-ல் காமராஜர் முதலமைச்சரானதும் அந்தத் திட்டம் கைவிடப்பட்டது. அதன் பிறகு இங்கே படிப்போடு கைவேலையைச் சேர்த்துப் பேசினாலே, எங்கே மறுபடியும் அரத்தைக் கையில் கொடுத்துவிடுவார்களோ என்று ஏழைத் தகப்பன் பயப்படுகிறான். பயப்படுவது நியாயம். அவன் பிள்ளைக்குக் கை வேலை, வேறு ஒருவன் பிள்ளைக்கு நாற்காலி என்று பிரித்து வைத்தால் எந்தக் கல்வியும் விளங்காது.

ஆகவே நான் சொல்ல வருவதை யாரும் தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. ஆசாரியாரின் மகன் அரம் பிடிக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. எல்லோருடைய மகனும் மகளும் ஒரு நாளாவது புகைபிடித்த சாவியின் முன்னால் உட்கார வேண்டும் என்கிறேன். கலெக்டர் மகனும் உட்காரட்டும். தொழிலைக் கற்றுக்கொள்வதற்காக அல்ல. இன்னும் விடை தெரியாத ஒரு தொல்லையை எதிரே வைத்துக்கொண்டு பதறாமல் இருப்பது எப்படி என்று தெரிந்துகொள்வதற்காக.

தொழிற்பயிற்சிக்குச் சட்டம் இல்லாமல் இல்லை. அப்ரண்டிஸ் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. 2022 மார்ச்சில் நம் ராஜ்யத்தில் 'நான் முதல்வன்' திட்டத்தைத் தொடங்கினார்கள். படிக்கிற பிள்ளைகளுக்கு வேலைக்கு வேண்டிய திறமைகளைச் சொல்லிக் கொடுப்பது நோக்கம், நல்ல நோக்கம். சட்டமும் திட்டமும் வாசல் வரைக்கும் கொண்டுவந்து விடும். உள்ளே என்ன செய்வது என்பது வாத்தியார் கையில் இருக்கிறது.

எனக்குத் தோன்றும் யோசனைகள் மிகச் சின்னவை. முதலாவது, வாத்தியாருக்கே விடை தெரியாத ஒரு தொல்லையை வகுப்புக்குக் கொண்டுவர வேண்டும். தெருக்குழாயில் காலையில் ஏன் தண்ணீர் வரவில்லை என்பது போதும். கல்லூரிச் சிற்றுண்டிச் சாலையில் பன்னிரண்டரை மணிக்கு ஏன் அடிபிடி நடக்கிறது என்பது அதைவிட நல்லது. வாத்தியாரும் மாணவர்களோடு நின்று பார்க்கட்டும். "எனக்குத் தெரியாது, பார்ப்போம்" என்று ஒரு வாத்தியார் வாயால் கேட்பது, பத்துப் புஸ்தகம் படித்ததற்குச் சமம்.

இரண்டாவது, விடைக்கு மார்க் கொடுப்பதைப் போலவே கேள்விக்கும் மார்க் கொடுக்க வேண்டும். யாரிடம் போய் விசாரித்தாய், என்ன கேட்டாய், அவர் என்ன சொன்னார் என்று எழுதச் சொல்லுங்கள். மார்க் உண்டென்றால் நம் பிள்ளைகள் எதையும் செய்வார்கள். மண்டபத்தில் எழுந்து நின்ற அந்தப் பையனும் செய்வான்.

மூன்றாவதுதான் கஷ்டமானது. விஷயம் தெரிந்தவர்களை வாத்தியாராக அழைக்க வேண்டும். அவர்களுக்கு நாற்காலி போட வேண்டும். கௌரவப் பேச்சாளர்களுக்கு மாலை போடுகிறோம், பொன்னாடை போர்த்துகிறோம். நானே இரண்டு மூன்று பொன்னாடை வைத்திருக்கிறேன். இருபது வருஷம் நூல் ஒட்டிய ஒருத்தியை மேடைக்கு அழைத்த கல்லூரி ஒன்றுகூட என் கண்ணில் படவில்லை.

தங்கை மகனுக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. தீபாவளிக்கு முன்னால் நகையில் பாதியை மீட்டார்கள். அவன் இப்போது புதிதாக வரும் டிப்ளமாப் பிள்ளைகளை முதல் நாளே அந்த அம்மாளிடம் அழைத்துப் போகிறானாம். மானேஜரிடம் சொல்லி அதற்கு அரை மணி நேரம் ஒதுக்கி வாங்கியிருக்கிறான். முதல் தடவை அவள் பேசவே மாட்டேனென்று முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாளாம். பிறகு ஒரு பெண் பிள்ளை, "நூல் அறுறதுக்கு முன்னாடியே உங்களுக்கு எப்படிக்கா தெரியுது?" என்று கேட்டிருக்கிறாள். அவ்வளவுதான், அரை மணி முக்கால் மணியாகிவிட்டது. சத்தம் எப்படி மாறும், விரலில் இழை எப்படிப் படும், மழைக்கு முந்தின நாள் என்ன ஆகும் என்று ஒவ்வொன்றாகச் சொன்னாளாம். பிள்ளைகள் குறிப்பெடுத்துக்கொண்டார்கள். தான் சொல்வதை ஒருவர் எழுதிக்கொள்வதை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. நடுவில் நிறுத்தி, "எல்லாத்தையுமா எழுதுறீங்க?" என்று கேட்டிருக்கிறாள்.

பிள்ளைகள் போன பிறகு அவள் என் தங்கை மகனைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"தம்பி, சொல்லிக் குடுக்குறது வாத்தியார் வேலைதானே? வாத்தியாருக்குச் சம்பளம் கூடன்னு சொல்லுவாகளே. இதுக்கு எதாச்சும் உண்டா?"

பையனுக்குப் பதில் தெரியவில்லை. "கேட்டுச் சொல்றேங்க்கா" என்றான். மானேஜரைக் கேட்டும் விட்டான். யோசிக்கலாம் என்று சொன்னாராம். ஒரு மாதம் ஆகிறது, பதில் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடியும் போய்க் கேட்கப்போகிறானாம்.